வீடு பாடசாலையாகும் போது

ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கும் பொறுப்பு யாருடையது? பெற்றோருடையதா, ஊருடையதா, அரசினுடையதா? ஆசிரியத் தொழிலில் இருபது வருடங்களுக்கு மேல் கழித்துவிட்ட எனக்கு இது ஒரு காலத்தில் கேள்வியாகவே தோன்றியதில்லை. பிள்ளை என்றால் பாடசாலைக்கு வரவேண்டும். வராத பிள்ளையின் பெயருக்கு நேரே இடாப்பில் பூச்சியம் விழும். அந்தப் பூச்சியம் வரவின்மையை மட்டுமல்ல, அன்றைய தினம் அப்பிள்ளை எதையும் கற்கவில்லை என்பதையும் சேர்த்தே குறிப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்று என்னைச் சிந்திக்க வைத்தது, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல், ஆனால் கல்வியையும் கைவிடாமல், பண்ணையிலேயே வைத்துக் கற்பிக்கும் குடும்பங்களின் வாழ்க்கை.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வேர்மொண்ட் என்றொரு சிறிய மாநிலம். மலையும் காடும் பாற்பண்ணைகளும் நிறைந்த பகுதி. ஜனவரி மாதத்தில் அங்கே காலை ஏழு மணி கடந்த பின்னர்தான் சூரியன் தலைகாட்டும். பின்னேரம் நாலரைக்கெல்லாம் மறைந்துவிடும். பூச்சியத்துக்குக் கீழே 15, 20 பாகை வரை குளிர் இறங்கும் இரவுகள் அங்கு புதினமல்ல. இரண்டு பசு, சில ஆடுகள், கொஞ்சம் கோழி, விறகுக்கு ஒரு துண்டுக் காடு, பத்து நாற்பது மேப்பிள் மரங்கள், பன்னிரண்டு, ஒன்பது, ஆறு வயதுகளில் மூன்று பிள்ளைகள் என்று ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இது எந்தவொரு தனிக் குடும்பத்தின் கதையுமன்று. அவ்வாறான வீடுகளின் பொதுச் சித்திரம்.

விடியுமுன்பே வேலை தொடங்குகிறது. வீட்டின் நடுவிலுள்ள இரும்பு அடுப்பில் இரவிட்ட விறகு கனலாகக் கிடக்கும். அதைக் கிளறிப் புதுக்கட்டை வைப்பது மூத்தவனின் பொறுப்பு. தகப்பன் கொட்டிலில் பால் கறக்க, ஒன்பது வயதுப் பெண்பிள்ளை வாளிகளில் உறைந்திருக்கும் பனிக்கட்டியை உடைத்துக் கோழிகளுக்கு வெந்நீர் கலந்த தண்ணீர் வைக்கிறாள். கூட்டிலிருக்கும் முட்டைகளை உடனே எடுக்காவிட்டால் அவை உறைந்து ஓடு வெடித்துவிடும். குளிர் காலத்தில் முட்டை குறைவதேன் என்று அவள் கேட்கிறாள். பகல் வெளிச்சம் ஏறத்தாழ பதினான்கு மணித்தியாலம் கிடைத்தால்தான் கோழி நன்றாக இடும் என்று தாய் சொல்கிறாள். பகல் ஏன் சுருங்குகிறது என்பது அடுத்த கேள்வி. ஒரு தோடம்பழத்தையும் விளக்கையும் வைத்துப் பூமியின் சரிவை விளக்கும் பாடம் அன்று காலை உணவு மேசையில் நடக்கிறது. பாடத்திட்டத்தில் அதற்கென ஒரு வாரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. கோழி ஒதுக்கித் தந்தது.

பத்து மணிபோல் வீடு அமைதியடைகிறது. அடுப்பைச் சுற்றி வாசிப்பு, எழுத்து, கணக்கு. ஈரக் கையுறைகள் அடுப்புக்கு மேலே கொடியில் காய்கின்றன. பெப்ரவரி 2ஆம் திகதி நெருங்கும்போது அங்கே ஒரு பெரிய கணக்கு நடக்கும். அன்றைய தினத்தில் விறகிலும் உலர்புல்லிலும் பாதி மீதமிருக்க வேண்டும் என்பது அப்பிரதேசத்து விவசாயிகளின் பழைய கணிப்பு. நவம்பர் தொடக்கத்திலிருந்து மே மாதம் புல் முளைக்கும் வரை ஏறத்தாழ 190 நாட்கள். ஒரு பசு நாளொன்றுக்கு 12 கிலோ தின்கிறதென்றால் இரண்டுக்கும் 24 கிலோ. மொத்தம் 4,560 கிலோ. ஒரு கட்டு 20 கிலோ என்றால் 228 கட்டுகள். பாதிக்காலத்தில் 114 கட்டுகள் இருந்தாக வேண்டும். மூத்தவன் பரணில் ஏறி எண்ணிப் பார்க்கிறான். 96தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குறைவது 18 கட்டுகள், அதாவது 360 கிலோ, அதாவது இரண்டு பசுக்களுக்குப் பதினைந்து நாள் உணவு.

இந்தப் பதினைந்து நாள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நாமும் வகுப்பறையில் கணக்குச் செய்விக்கிறோம். ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் அதே தொட்டியைக் காலியாக்கும், தொட்டி எப்போது நிரம்பும் என்று கேட்போம். எந்தப் பைத்தியக்காரன் இரண்டு குழாயையும் ஒன்றாகத் திறந்துவைத்தான் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. விடை பிழைத்தால் சிவப்பு மையில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். பண்ணைப் பிள்ளையின் விடை பிழைத்தால் ஏப்ரலில் பசு பட்டினி கிடக்கும். புல்லை விலைகொடுத்து வாங்குவதா, ஒரு பசுவை விற்பதா, இன்றிலிருந்தே அளவைக் குறைப்பதா என்ற கேள்வி அக்கணக்கின் அடுத்த வரியாக வந்து நிற்கிறது. குறைத்தால் பால் குறையும், விற்றால் ஒரு வயதிலிருந்து தான் வளர்த்த பசு போய்விடும். எண்கணிதம் அந்த இடத்தில் ஒழுக்கவியலாக மாறிவிடுகிறது. விளைவுள்ள அறிவுக்கும் விளைவற்ற அறிவுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பாடசாலைகளாகிய நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

பெப்ரவரி முடிவில் இரவில் உறைந்து பகலில் உருகும் காலநிலை வந்ததும் மேப்பிள் மரங்களில் துளையிட்டு நீர் எடுப்பார்கள். நம் மலைநாட்டில் கித்துள் பாணி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஏறக்குறைய 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. விகிதமும் ஆவியாதலும் கொதிநிலையும் பொறுமையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கின்றன.

இத்தகைய கல்விக்கு அந்நாட்டில் ஒரு சிந்தனைப் பின்னணியும் உண்டு. ஜோன் ஹோல்ட் (1923 - 1985) ஓர் ஆசிரியர். பிள்ளைகள் வகுப்பறையில் ஏன் தோற்கிறார்கள் என்பதை வகுப்பறையிலிருந்தே கவனித்து 1964இல் ஒரு நூல் எழுதினார். விடையைக் கண்டுபிடிப்பதைவிட ஆசிரியரின் முகத்தைப் படிப்பதிலேயே பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகிவிடுகிறார்கள் என்பது அவரது அவதானிப்பு. பாடசாலைகளைத் திருத்த முடியுமென்று முதலில் நம்பியவர், பின்னர் அந்நம்பிக்கையை இழந்து, வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்காக 1977இல் ஒரு சஞ்சிகையையே தொடங்கினார். 1990களின் முற்பகுதிக்குள் வீட்டுக் கல்வி ஐம்பது மாநிலங்களிலும் சட்டபூர்வமாகிவிட்டது.

இதன் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுபவர்கள் கோல்பாக்ஸ் குடும்பத்தினர். 1970களில் டேவிட், மிக்கி தம்பதியர் வடகலிபோர்னியாவில் பூன்வில் என்னும் ஊருக்கு அருகே மலைப்பாங்கான காட்டு நிலத்தில் குடியேறி, தம் கையால் வீடு கட்டி, ஆடு வளர்த்து, நான்கு ஆண்பிள்ளைகளுக்கும் தாமே கற்பித்தனர். மூத்தவரான கிராண்ட் 1983இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது நாடே திரும்பிப் பார்த்தது. பின்னர் சகோதரர் இருவரும் அங்கு சென்றனர். கிராண்ட் வைத்தியராகி, 2012இல் வெள்ளை மாளிகையின் எயிட்ஸ் கொள்கை அலுவலகப் பணிப்பாளராகவும், 2019இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் சுகாதாரப் பணிப்பாளராகவும் பதவி வகித்தார். ஆடு மேய்த்த கை அது.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். தகப்பன் டேவிட் கோல்பாக்ஸ் காட்டுக்குப் போகுமுன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். அவ்வீட்டில் மின்சாரம் இல்லாதிருக்கலாம். ஆனால் ஒரு விரிவுரையாளர் இருந்தார். ஆகவே அப்பிள்ளைகளின் வெற்றி வீட்டுக் கல்வியின் வெற்றியா, அந்த வீட்டின் வெற்றியா? வீடு என்பது ஒரு பொதுப்பெயர். புத்தகம் உள்ள வீடும் வீடுதான், தகப்பனின் கோபத்துக்குப் பயந்து பிள்ளைகள் மூலையில் ஒடுங்கும் வீடும் வீடுதான். வென்றவர்களின் கதை நூலாகிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியாமல் வளர்ந்து, பிறகு வாழ்நாள் முழுவதும் அதை மறைத்துத் திரிபவரின் கதையை எழுத அவருக்கே எழுத்துத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் கற்பித்தல் என்று நாம் சொல்லும்போது அது பெரும்பாலும் தாய் கற்பித்தலாகவே இருக்கிறது. மேலே நான் வரைந்த பனிக்காலச் சித்திரத்தை மீண்டும் பாருங்கள். தோடம்பழத்தை வைத்துப் பூமியைச் சுற்றிக் காட்டியவள் அதற்கு முன் பாலை வடித்தாள், பாண் சுட்டாள், அதற்குப் பின் கையுறைகளைத் தைத்தாள். மாலையில் பிள்ளைகள் படுத்தபின் மறுநாள் பாடத்தை ஆயத்தம் செய்வாள். ஆசிரியருக்கு இடைவேளையும் விடுமுறையும் சம்பளமும் உண்டு. அவளுக்கு இம்மூன்றும் இல்லை. பனி மூடிய வீட்டில் வாரக்கணக்கில் வேறொரு பெரிய மனிதரின் முகத்தையும் காணாத தாயின் பொறுமை எந்த நாளில் உடையும் என்று எந்த நூலும் கணக்கிடவில்லை.

பிள்ளை யாருடையது என்ற கேள்வி 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. விஸ்கொன்சின் மாநிலத்தில் அப்போது பதினாறு வயது வரை பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயமாக இருந்தது. ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ விவசாயச் சமூகத்தைச் சேர்ந்த பெற்றோர் மூவர், எட்டாம் வகுப்போடு போதும், அதற்குமேல் வயலும் கொட்டிலுமே எங்கள் பிள்ளைகளின் பாடசாலை என்றனர். ஆளுக்கு ஐந்து டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்சிவரை சென்றது. நீதிமன்றம் பெற்றோரின் பக்கமே தீர்ப்பளித்தது. அவர்களது சமய வாழ்க்கையைக் காக்கும் உரிமை பெரிது, பண்ணையில் அவர்கள் பெறும் பயிற்சியும் கல்விதான் என்று கருதியது.

நீதியரசர் வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் முரண்பட்டார். பெற்றோரின் உரிமையையும் அரசின் உரிமையையும் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, பிள்ளையைக் கேட்டோமா என்பதே அவரது கேள்வி. அப்பிள்ளைகளுள் ஒருவர் பியானோ வாசிக்கவோ, விண்வெளிக்குச் செல்லவோ, சமுத்திரத்தை ஆராயவோ விரும்பலாம். எட்டாம் வகுப்போடு நிறுத்தினால் அக்கதவு நிரந்தரமாக மூடப்பட்டுவிடும் என்று அவர் எழுதினார். மூன்று குடும்பங்களின் பிள்ளைகளுள் ஒரு சிறுமி மட்டுமே நீதிமன்றத்தில் தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தாள். மற்ற இருவரிடம் எவரும் கேட்கவில்லை.

டக்ளஸின் கேள்வி கூர்மையானது. எனினும் அது பெற்றோரை நோக்கி மட்டும் எறியப்பட வேண்டிய கேள்வியல்ல. நாங்கள் என்றாவது கேட்டிருக்கிறோமா? பிள்ளை எந்த வயதில் எந்தப் பரீட்சைக்கு இருக்கவேண்டும், எந்தப் புள்ளி பெற்றால் எந்தத் துறைக்குப் போகலாம் என்பதையெல்லாம் தீர்மானித்துவிட்டுத்தானே அதன் கையில் புத்தகத்தைக் கொடுக்கிறோம். வேலிக்குள் வளர்ந்த பிள்ளைக்கு வேலிக்கு அப்பாலுள்ளதை ஆசைப்படத் தெரியாது என்றால், பரீட்சைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் அது தெரியுமா? இரண்டு இடத்திலும் ஒரே அநீதிதான் நிகழ்கிறது. ஓரிடத்தில் அது அன்பின் பெயரால் நிகழ்கிறது, மற்ற இடத்தில் எதிர்காலத்தின் பெயரால்.

அப்படியானால் வழி என்ன? எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்டியது ஐஸ்லாந்தின் பழைய வரலாறு. டிசம்பர் மாதத்தில் தலைநகரான ரெய்க்யாவிக்கிலேயே நாலு மணித்தியாலந்தான் பகல். ஊர் என்று கூடி வாழாமல் தனித்தனிப் பண்ணைகளாகச் சிதறி வாழ்ந்த மக்கள். பாடசாலை அமைக்க வழியில்லை. ஆயினும் பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் அங்கே பெரும்பாலானோருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. நீண்ட பனிக்கால இரவில் வீட்டார் எல்லோரும் ஒரே அறையில் கூடுவர். புல்தரையால் மூடிய அவ்வீட்டில் எண்ணெய் விளக்கு எரியும். சிலர் கம்பளியைச் சிக்கெடுப்பர், சிலர் நூற்பர், சிலர் பின்னுவர். ஒருவர் மட்டும் விளக்கருகே அமர்ந்து பழைய வீரகதைகளையோ பக்திப் பாடல்களையோ உரத்து வாசிப்பார். க்வோல்ட்வாகா, அதாவது மாலை விழிப்பு என்று அதற்குப் பெயர். கை வேலை செய்ய, காது கற்றது. பிள்ளைகள் அந்தக் குரலைப் பின்தொடர்ந்தே எழுத்துக்கு வந்தனர்.

ஆனால் அந்நாடு அதை வீட்டின் நல்லெண்ணத்துக்கு மாத்திரம் விட்டுவிடவில்லை. 1740களில் வந்த கட்டளைகளின்படி மதகுரு பண்ணை பண்ணையாகச் சென்று பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. 1880இல் எழுத்தும் கணக்கும் சேர்க்கப்பட்டன. 1907இல் பத்து முதல் பதினான்கு வயது வரையான கல்வி கட்டாயமாக்கப்பட்டபோதும், பத்து வயதுக்குள் வாசிக்கப் பழக்குவது வீட்டின் கடமையாகவே இருந்தது. பாடசாலைக் கட்டடம் எட்டாத இடங்களுக்கு ஆசிரியரே பயணப்பட்டார். சில வாரம் ஒரு பண்ணை, சில வாரம் அடுத்த பண்ணை என்று சென்று, அயலிலுள்ள பிள்ளைகளை அங்கே கூட்டிக் கற்பித்தார்.

அந்நாட்டின் நிழலையும் மறைக்கக் கூடாது. வறுமையால் குடும்பம் சிதறிய பிள்ளைகளை அங்குள்ள ஊராட்சி, கொடுப்பனவு ஒன்றைக் கொடுத்து அந்நியர் பண்ணைகளில் ஒப்படைக்கும். அவ்வாறு வளர்ந்தவர்களின் கசப்பான நினைவுகள் அந்நாட்டு இலக்கியத்தில் உள்ளன. ஒரே அறை, ஒரே விளக்கு, ஒரே கதை. ஆனால் அந்தக் கதை தனக்காகவும் வாசிக்கப்படுகிறது என்று நம்பும் பிள்ளைக்கும், ஒரு கவளம் சோற்றுக்காக அங்கே இருத்தப்பட்டிருக்கும் பிள்ளைக்கும் அது ஒரே பாடசாலையாக இருந்திருக்க முடியாது. வீட்டைப் பாடசாலையாக்கும் எந்த ஏற்பாடும் வீடில்லாத பிள்ளையைப் பற்றி முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பதிலின் அவசியத்தை 2020இல் நாமெல்லோரும் அனுபவித்தோம். கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட, உலகின் எல்லா வீடுகளும் ஒரே இரவில் வகுப்பறைகளாயின. அமெரிக்காவில் வீட்டுக் கல்வியை மேற்கொள்ளும் குடும்பங்கள் அவ்வாண்டு வசந்தத்தில் நூற்றுக்கு 5.4 வீதமாக இருந்து, இலையுதிர் காலத்தில் 11.1 வீதமாக உயர்ந்ததாக அந்நாட்டுக் குடிசனக் கணக்கெடுப்புத் திணைக்களம் கண்டறிந்தது. அவர்களுட் பலர் விரும்பித் தெரிந்தெடுத்தனர். என் வகுப்பில் அப்படித் தெரிந்தெடுக்க எவருக்கும் வசதி இருக்கவில்லை. தகப்பனின் ஒற்றைக் கைத்தொலைபேசி வீடு திரும்பும் வரை காத்திருந்த பிள்ளைகளும், அதுவும் இல்லாத பிள்ளைகளும் இருந்தனர். நான் பாடத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக இருந்துவிட்டேன். பாடசாலை மீண்டும் திறந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒருவன் எழுத்துக் கூட்ட மறந்துவிட்டிருந்தான். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் நடந்துபோகும் தூரந்தான்.

ஐஸ்லாந்தில் பனியில் பண்ணை பண்ணையாக நடந்த அந்த ஆசிரியரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தூரம் நினைவுக்கு வருகிறது.

வீட்டுக் கல்வி நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் தீர்ப்புக் கூற எனக்குத் துணிவில்லை. ஒன்று மாத்திரம் தெளிவாகிறது. பிள்ளை பெற்றோரின் சொத்துமல்ல, அரசின் சொத்துமல்ல. அது ஓர் அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவர் எவ்வளவு நேர்மையானவராயினும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். வீடு கற்பித்தால் வெளியிலிருந்து ஒருவர் வந்து அன்போடு கேட்க வேண்டும். இன்றும் அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலம் பெற்றோரிடம் காலாண்டு அறிக்கை கேட்கிறது, டெக்சாஸ் மாநிலமோ தெரிவிக்கும்படிகூடக் கேட்பதில்லை. முதலாவது பெற்றோருக்குத் தொந்தரவாக இருக்கலாம். இரண்டாவதில், துன்பப்படும் ஒரு பிள்ளை இருந்தால் அதன் கதவைத் தட்ட எவருமில்லை. அதேபோல் பாடசாலை கற்பித்தால் வீடு வந்து கேட்க வேண்டும்: என் பிள்ளை கற்றதற்கு வாழ்க்கையில் ஏதேனும் விளைவு உண்டா? இரு தரப்பும் சேர்ந்து பிள்ளையைக் கேட்க வேண்டும்: உனக்கு என்ன வேண்டும்?

அந்த வேர்மொண்ட் பண்ணையில் இரவாகிவிட்டது. பரணில் 96 கட்டுகள். பன்னிரண்டு வயதுக்காரன் பெரியவர்களோடு மேசையில் அமர்ந்து எந்தப் பசுவை விற்பது என்று பேசுகிறான். அவனுடைய சொல்லுக்கும் அங்கே நிறையிருக்கிறது. அவ்வளவு சிறிய வயதில் ஒருவனின் கருத்தைப் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்பது பெரிய கல்விதான். ஆனால் அவன் பசுவைப் பற்றி அல்லாமல் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பும் நாளிலும் அந்த மேசை அவ்வாறே காது கொடுக்குமா என்பதில்தான் அவ்வீடு பாடசாலையா அன்றிச் சிறையா என்பது தங்கியிருக்கிறது.

நாளைக் காலை நான் இடாப்பைத் திறப்பேன். வராத பிள்ளையின் பெயருக்கு நேரே வழக்கம்போல் பூச்சியம் இடுவேன், அது விதி. பாடசாலை விட்டதும் அந்தப் பூச்சியத்தைத் தேடி அதன் வீடு வரை நடந்து போகவும் வேண்டும். அதற்கு எந்தச் சுற்றுநிருபமும் எனக்குத் தேவையில்லை.